டப்பாவுக்குள் இருந்தவள்

அவள் முதன்முதலில் பறந்தது அப்பாவின் கையால். லாரி டயர்களைத் தூக்கித் தூக்கி உரமேறிய கை. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இடுப்பில் ஒரு தள்ளு தள்ளினார். அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்ச் சுவரில் மோதிக் கீழே விழுந்தாள். அப்போது அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். தட்டை ஓசையோடு வைத்துவிட்டாளாம், அதுதான் குற்றம்.

கீழே டயர்க்கடை, மேலே வீடு. அம்மா ஒரு நாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள், பின்பக்கப் படி வழியாக இறங்கி அப்படியே போய்விட்டாள். கொடியில் பாதித் துணி தொங்கியது, மீதி வாளியில் கிடந்தது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு விழவேண்டிய அடியும் மூத்த பெண்ணான இவள் கணக்கில் சேர்ந்துகொண்டது. “அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்” என்று சொல்லிக்கொண்டே அப்பா ஆணியில் மாட்டியிருக்கும் பழைய ஃபேன் பெல்ட்டை எடுப்பார். ஒவ்வொரு வீச்சுக்கும் மூக்கு வழியாக ‘ம்ஹ்ம்’ என்று ஒரு மூச்சு வரும், மூட்டை தூக்குகிறவன் விடுகிற மூச்சு மாதிரி. பெல்ட்டை விட அந்த மூச்சுக்குத்தான் பிள்ளைகள் பயந்தார்கள்.

விழுந்ததும் அவள் தன் உடம்பைத் தொட்டுப் பார்த்ததில்லை. தலையைத் திருப்பி மேஜைக்கு அடியில் பார்ப்பாள். அங்கே தங்கை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் மேல் அடி படவில்லை என்று தெரிந்த பிறகுதான் இவள் எழுந்திருப்பாள். எழுந்தே ஆகவேண்டும். எழாமல் கிடந்தால் அப்பாவின் கண் மேஜைப் பக்கம் போய்விடும்.

அந்த வீட்டை விட்டு அவர்கள் வெளியேறியதும் ரத்தத்தோடுதான். ஒரு மத்தியானம் தங்கை, பாதி இறக்கியிருந்த கடை ஷட்டருக்குக் கீழே நுழைந்து தெருவுக்கு ஓடப் பார்த்தாள். அப்பா தரையில் விழுந்து, ஷட்டருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அவள் பின்னலைப் பிடித்துவிட்டார். மூத்தவள் எகிறி ஷட்டரின் பிடியில் மொத்த உடம்பையும் போட்டுத் தொங்கினாள். ஷட்டர் சடசடவென்று இறங்கி அவர் மணிக்கட்டில் உட்கார்ந்தது. எலும்பு முறிந்த ஓசை எதிர்க்கடை வரைக்கும் கேட்டதாம். அப்பா கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. மாடிக்கு ஏறி, பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், திரும்பிப் பார்க்கவில்லை.

வேறொரு பக்கம் சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. எப்போதும் வெந்நீராவி மணக்கும் அறை. தங்கை தையல் கம்பெனியில் சேர்ந்தாள். அக்கா ஒரு குடோனில் பெட்டி ஏற்றி இறக்கினாள். குடோனை ஒட்டிய பழைய ஆலையில் அடிக்கடி படப்பிடிப்பு நடக்கும். ஒருநாள் இரும்புப் படிக்கட்டில் உருளவேண்டிய டூப் பெண், படியை ஒருமுறை பார்த்தாள், தன் வயிற்றை ஒருமுறை தொட்டாள், முடியாது என்று சொல்லிவிட்டாள். மாசமாக இருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. சண்டைப் பயிற்சியாளர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற கழுத்தில்லாத மனிதர், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இவள் முன்னால் வந்தாள். “நான் விழறேன் சார்.”

“விழத் தெரியுமா உனக்கு?”

“அது ஒண்ணுதான் சார் தெரியும்.”

விழுந்தாள். பதினெட்டுப் படி, ஒரு வளைவு, கீழே சிமெண்டுத் தரை. விழுந்த வேகத்தில் எழுந்து நின்றாள். மாஸ்டர் அவள் தோளை அழுத்திப் பார்த்தார். பிறகு சொன்னார்: “பொண்ணா நீ? பந்துடி.” அன்றிலிருந்து அவள் பெயர் பந்து. பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்துபோகிற அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில்தான் தொலைக்காட்சியில் விண்வெளித் தொடர் ஒன்று ஆரம்பமானது. கேப்டன் ஒருவர் தன் கப்பலோடு கிரகம் கிரகமாகப் போவார், வாராவாரம் ஓர் எதிரியை ஒழிப்பார். தொடரின் பெயரே கேப்டனின் பெயர்தான். அவரோடு கூடவே போகிற எடுபிடி ஒரு குள்ள இயந்திரம். அலுமினியத் தகடும் ஃபைபரும் சேர்த்துச் செய்த உடுப்பு, தலைக்குக் கவிழ்த்த வாளி மாதிரி ஒரு கூடு, கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பச்சை விளக்கு. கதையில் அதற்கு நீளமான எண்ணும் எழுத்தும் சேர்ந்த பெயர் உண்டு. பார்த்தவர்கள் எல்லோரும் ‘டப்பா’ என்றே சொன்னார்கள்.

முதலில் உள்ளே இருந்த ஆள் கிரேனிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அந்த அளவு உடுப்புக்குள் நுழைய பந்துதான் கிடைத்தாள். உள்ளே அடுப்பு மாதிரி வேகும். கண்ணுக்கு நேராக ஒரு விரல் அகலத் துளை, அவ்வளவுதான் வெளிச்சம். பேச்சு அவளுடையது இல்லை. முன்னாள் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் பின்னால் குரல் கொடுப்பார். ஆக டப்பா ஆம்பளைக் குரலில் பேசும், பெண்பிள்ளை உடம்பில் உதை வாங்கும்.

டப்பா மூன்றாவது வாரமே சாகவேண்டியது. கதையில் அப்படித்தான் எழுதியிருந்தது. பாறை மனிதன் ஒருவன் அதைத் தூக்கி எறிவான், அது சுவரில் மோதி விழும், பச்சை விளக்கு அணையும், கேப்டன் கோபம் கொண்டு பழி வாங்குவார். கயிறு கட்டி இழுத்தார்கள். பந்து பறந்தாள், மோதினாள், தகடு நசுங்கி அவள் விலாவுக்குள் இறங்கியது, விழுந்தாள். செத்துக் கிடக்கவேண்டியவள் பழக்க தோஷத்தில் தலையைத் திருப்பினாள். கேப்டன் நின்ற பக்கம் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மெதுவாக எழுந்து நின்றாள்.

“யாரு அவளை எந்திரிக்கச் சொன்னது?” என்று கத்திய இயக்குநர், மானிட்டரைத் திரும்பப் பார்த்துவிட்டுக் கதாசிரியரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அந்தக் காட்சியை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். டப்பா சாகவில்லை.

அது வந்த வாரத்திலிருந்து தெருவில் பிள்ளைகள் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அலைந்தார்கள். தொடரின் பெயரை யாரும் சொல்வதில்லை. “டப்பா போட்டாச்சா?” என்றுதான் கேட்டார்கள். அது எப்படி ஜனங்களுக்கு இவ்வளவு பிடித்துப்போனது என்று படப்பிடிப்புத் தளத்திலேயே தீராத வழக்கு. குரல்காரர் தன் குரல் என்பார். கதாசிரியர் தன் நகைச்சுவை என்பார். “அது எப்பவும் தோக்குதுய்யா, நம்மள மாதிரி” என்பார் இயக்குநர்.

அந்த முதல் கேப்டன் நல்ல மனிதர், நரைத்த மீசைக்கு மை பூசிக்கொண்டு நடித்தவர். “என்னைப் பார்த்தா கை தட்டுவாங்க. டப்பாவைப் பார்த்தா கண்ணைத் தொடைப்பாங்க. கை தட்டினவன் மறந்துடுவான், கண்ணைத் தொடைச்சவன் மறக்க மாட்டான்” என்று அவர் சொல்வார். பந்துவைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது. “உதை வாங்கினா பாவம் பார்ப்பாங்க, வேற என்ன?” என்று தோளைக் குலுக்குவாள்.

தங்கைக்குத் தெரியும். இதற்குள் அவள் தொடரின் உடைப் பிரிவுக்கே வந்துவிட்டிருந்தாள். டப்பா உடுப்பின் உள்பக்கத் துணியைத் தைப்பதும் கிழிந்தால் ஒட்டுப்போடுவதும் அவள் வேலை. ஒருநாள் வீட்டில் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சொன்னாள்: “அக்கா, அடி வாங்கினதும் அது எங்க பார்க்குது பாரேன். மேஜைக்கு அடியில பார்க்குது.”

பந்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வருஷங்கள் போயின. அவள் உடம்பில் உடையாத இடம் குறைந்துகொண்டே வந்தது. இடது காரை எலும்பு, வலது குதிகால், இரண்டு கைவிரல்கள். நெருப்பில் விழும் காட்சி ஒன்றில் முதுகு வெந்தது. தண்ணீருக்கடியில் எடுத்த காட்சியில் உடுப்பின் கழுத்துக் கொக்கி கழலாமல் சாகக் கிடந்தாள். மாஸ்டர் குதித்து, கொக்கியைக் கடப்பாரையால் நெம்பி இழுத்துப்போட்டார். ஆனாலும் அவை எல்லாம் தொழிலில் பட்ட அடி. யாரும் அவளைக் காயப்படுத்த நினைத்து அடித்ததில்லை. பழைய கேப்டன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் வாளிக்கூட்டில் விரலால் தட்டி, “பந்து, ரெடியாம்மா?” என்று கேட்பார். அவர் குத்து முகத்துக்கு ஒரு நூல் முன்னால் நிற்கும். சண்டைத் தொழிலே அந்த ஒரு நூல் இடைவெளிதான்.

அவர் ஒரு காலையில் ஒப்பனை நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்தார், ஆனால் நடிக்க முடியவில்லை. புது கேப்டன் வந்தான். தயாரிப்பாளருக்கு அக்கா மகன். விளம்பரங்களில் சட்டையில்லாமல் வந்துகொண்டிருந்தவன். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தான், ஆரம்பத்தில் எல்லோரிடமும் சிரித்தும் பேசினான்.

ஒரு வணிக வளாகத் திறப்புவிழா அவனைக் கெடுத்தது. அவனையும் டப்பாவையும் சேர்த்து அழைத்திருந்தார்கள். கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தது. அவன் இரண்டு கையையும் விரித்து நின்றான். கூட்டம் அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு டப்பாவிடம் போனது. கட்டிப்பிடித்தார்கள், முத்தம் கொடுத்தார்கள். ஒரு பெரியம்மா அவன் கையில் தன் பையைக் கொடுத்து, “தம்பி, இதைக் கொஞ்சம் பிடி, டப்பாகூட ஒரு போட்டோ எடுத்துக்கறேன்” என்றாள். அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கண் துளை வழியாகப் பந்து அதைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு நினைத்துக்கொண்டாள். ஆனால் உள்ளே சிரித்தது வெளியே யாருக்குக் கேட்டிருக்கப்போகிறது?

அடுத்த வாரமே முதல் அடி விழுந்தது. எதிரியின் மேல் படவேண்டிய முழங்கை, திரும்பி வந்து டப்பாவின் கழுத்தில் இறங்கியது. “சாரி, தெரியாம பட்டுடுச்சு” என்றான். இரண்டாவது தடவையும் தெரியாமல் பட்டது. மூன்றாவது தடவை அவன் சாரி சொல்லவில்லை. உடுப்பில் தகடு இல்லாத இடம் எது என்று பார்த்து வைத்துக்கொண்டான்: முழங்காலின் பின்பக்கம், அக்குள், இடுப்பின் இரண்டு ஓரம். அங்கே உதைத்தான். காட்சி முடிந்து விளக்கு அணைந்த பிறகும், கடந்துபோகிற சாக்கில் முட்டியால் இடித்துவிட்டுப் போனான்.

மாஸ்டர் இயக்குநரிடம் சொன்னார், இயக்குநர் தயாரிப்பாளரிடம் சொன்னார். “சண்டைக் காட்சின்னா நாலு அடி படத்தான் செய்யும். அதுக்குத்தானே அவங்களை வெச்சிருக்கோம்?” என்று பதில் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது?

மணி கட்டப் பார்த்தவள் தங்கை. ஒட்டுப்போட வந்த உள்துணியைப் பிரித்தவள், இடுப்புப் பக்கம் கறுப்பாகக் காய்ந்திருந்ததைத் தேய்த்துப் பார்த்தாள்.

“அக்கா, இது சாயமா ரத்தமா?”

“சாயம்.”

“சட்டையைத் தூக்கு.”

“போடி வேலையைப் பார்த்துக்கிட்டு.”

தங்கை விடவில்லை, தூக்கிப் பார்த்துவிட்டாள். இடுப்பு முழுக்க நீலமும் பச்சையும் மஞ்சளுமாக, பழைய அடி எது, புதிய அடி எது என்று தெரியாமல் கிடந்தது. ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அந்த ஆளு கையில இருந்து தப்பிச்சு வந்து, இந்த ஆளு காலுக்குக் கீழ விழுந்து கிடக்கியா?” என்றாள்.

“இது தொழில் பாப்பா.”

“தொழிலா? அப்பாவும் அப்படித்தான் செஞ்சாரு, தினம் தவறாம.”

அந்த மாதம் கதாசிரியர் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தார். எதிரி கேப்டனின் மூளைக்குள் புகுந்துவிடுகிறான். புத்தி மாறிய கேப்டன் டப்பாவையே அடித்து நொறுக்குகிறார். டப்பா திருப்பி அடிப்பதில்லை, விழுந்து விழுந்து எழுந்து அவரையே பார்க்கிறது. அந்தப் பார்வையில் கேப்டனுக்குச் சுயநினைவு திரும்புகிறது. படித்துவிட்டு எல்லோரும் பாராட்டினார்கள். புது கேப்டன் எழுந்து நின்று கை தட்டினான்.

படப்பிடிப்பு காலையில் தொடங்கியது. கப்பலின் உள்பக்கம் மாதிரி போட்ட தளம். அடிப்பதற்கு வெள்ளிச் சாயம் பூசிய ரப்பர் குழாய் கொடுத்தார்கள். தன் அறைக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் சுழற்றிப் பழகிவிட்டு வருவதாக அவன் சொன்னான். திரும்பி வந்தபோது குழாய்க்குள் கனமான இரும்புக் கம்பி இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

முதல் வீச்சிலேயே பந்துவுக்குத் தெரிந்துவிட்டது. தோள் தகடு உள்வாங்கிச் சதைக்குள் இறங்கியது. இரண்டாவது வீச்சில் வாளிக்கூடு விரிசல் விட்டது. காதுக்குள் ஒரு நீண்ட விசில். விழுந்தாள். கதைப்படி தலையைத் திருப்பி அவனைப் பார்க்கவேண்டும், பார்த்தாள். அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கேமராவுக்கு அவன் முதுகுதான் தெரியும்.

“பிரமாதம்! யாரும் கட் சொல்லாதீங்க!” என்று இயக்குநர் எங்கேயோ தூரத்தில் சொன்னது கேட்டது.

எழுந்தாள். விலாவில் வாங்கினாள். ஏதோ உள்ளே முறிந்து, மூச்சு இழுத்தால் குத்தியது. மறுபடி எழுந்தாள். முழங்காலில் வாங்கினாள். வாயில் ரத்தம் ஊறி, கூட்டுக்குள்ளேயே வழிந்து கழுத்தில் இறங்கியது. மாஸ்டர், “சார், போதும் சார், நிறுத்தச் சொல்லுங்க” என்று இயக்குநரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தகடு நசுங்குகிற ஓசை எப்படி இருக்கும் என்று தளத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் ஒருத்திதான். இந்த அடி ரப்பர் அடி இல்லை என்று தங்கைக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு விளக்குகளுக்கு நடுவே ஓடினாள். “விடுடா அவளை!” என்று குறுக்கே விழுந்து கையை நீட்டினாள். ஓங்கிய குழாயை அவன் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாமல் போயிற்றா, நிறுத்த மனமில்லையா என்பது அவனுக்கே வெளிச்சம். குழாய் அவள் முன்கையில் இறங்கியது. கை நடுவில் மடங்கித் தொங்கியது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

துளை வழியாகப் பந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தலையைத் திருப்பிப் பார்த்த இடத்தில் தங்கை பத்திரமாக இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது கதையில் இல்லை. டப்பா எழுந்தது. கேப்டன் மறுபடி வீசினான். வருகிற அடியை எதிர்கொண்டு உள்ளே புகுந்து, அவன் முழங்கையைக் கக்கத்தில் இறுக்கித் திருகினாள். குழாய் கை மாறியது. வாளிக்கூட்டால் அவன் மூக்கில் முட்டினாள். மூக்கு பொளக்கென்று உள்ளே போனது. இத்தனை வருஷமாக ஒரு நூல் முன்னால் நிறுத்திப் பழகிய குத்துகள், ஒவ்வொன்றும் அந்த ஒரு நூலைத் தாண்டிப் போய் இறங்கின. தாடையில் ஒன்று. தொண்டைக்குக் கீழே ஒன்று. தொப்புளுக்கு மேல் ஒன்று, அவன் மடங்கியதும் முழங்காலால் முகத்தில் ஒன்று. அட்டைச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு அவன் பின்பக்கம் விழுந்தான். இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். பல் ஒன்று விளக்கு வெளிச்சத்தில் மின்னி உருண்டது.

சண்டைக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ஒருவனும் நகரவில்லை. “அண்ணே, போய்ப் பிடிக்கலாமா?” என்று ஒருவன் கேட்டான். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எனக்குக் கண்ணு சரியாத் தெரியலடா” என்றார்.

அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டான். பந்து குழாயை ஓங்கி அவன் முதுகில் இறக்கினாள். மறுபடி ஓங்கினாள். அப்போது கூட்டுக்குள் அந்த ஓசை கேட்டது. ‘ம்ஹ்ம்.’ மூட்டை தூக்குகிறவனின் மூச்சு. யாருடையது என்று ஒரு கணம் புரியவில்லை. கூட்டுக்குள் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

குழாய் கையிலிருந்து நழுவியது. கொக்கியைப் பிய்த்துக் கூட்டைக் கழற்றி எறிந்தாள். வியர்வையும் ரத்தமும் முடியும் ஒட்டிக்கிடந்த அந்தச் சின்ன முகத்தைப் பார்த்துத் தளத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தவர்கள் திகைத்தார்கள். உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்றே அவர்களுக்குத் தெரியாது. அவள் தங்கையிடம் தவழ்ந்து போய், அவள் மடியிலேயே மயங்கி விழுந்தாள்.

மருத்துவமனையில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். விலா மூன்று போயிருந்தது. அடுத்த கட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு தங்கை. போலீஸ் வந்தது, தயாரிப்பாளரும் வந்தார். “நம்ம குடும்பத்துக்குள்ள நடந்தது, பெரிசு பண்ண வேணாம்” என்றார். விலா உடைகிற வரை அந்தக் குடும்பத்தில் தன்னையும் சேர்த்திருந்தது பந்துவுக்குத் தெரியாது. குழாய்க்குள் இருந்த இரும்பு வெளியே வந்துவிட்டதாலும், இவள் தங்கையை அவன் அடித்தது கேமராவில் இருந்ததாலும், அக்கா மகன் புகார் கொடுக்கவில்லை. இவள் கொடுத்த புகார் எங்கேயோ ஒரு மேஜையில் தூங்கியது.

எடுத்ததை வீணாக்க யாருக்கும் மனசில்லை. தங்கை வரும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு, முழுச் சண்டையையும் ஒளிபரப்பினார்கள். பொதுவார்டின் தொலைக்காட்சியில் பந்துவும் அதைப் பார்த்தாள். டப்பா திருப்பி அடித்தபோது காலில் கட்டுப்போட்ட ஒரு ஆள் கட்டிலைத் தட்டி விசில் அடித்தார். நர்ஸ்கள்கூட வாசலில் வந்து நின்றார்கள். எதிர்க்கட்டில் அம்மாவைப் பார்க்க வந்திருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“டப்பா கெட்டதாயிடுச்சா?” என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டது குழந்தை.

தங்கைதான் சொன்னாள்: “இல்லடா கண்ணு. அதுக்கு ரொம்ப வலிச்சிருச்சு.”

கதாசிரியர் விசிலை நம்பினார். அடுத்த வாரத்திலிருந்து டப்பா எதிரிகளைப் பந்தாடியது. உள்ளே வேறு ஒரு பையன், பலசாலி. முதலில் பரபரப்பாக இருந்தது. போகப் போக ஜனங்கள் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். மாதங்கள் கழித்து ஒருநாள், தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று சொல்ல கதாசிரியரே அவள் அறைக்கு வந்தார். சலவைக்கூட நீராவியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “டப்பாவை ஜெயிக்க வெச்சேன்மா, அதான் நான் பண்ணின தப்பு” என்றார்.

“அன்னைக்கு டப்பா ஜெயிக்கல சார்” என்றாள் பந்து. “நீங்க வெளிய நின்னு பார்த்தீங்க. நான் உள்ள இருந்தேன்.”

கதாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தங்கை கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

உடம்பு தேறினாலும் இனி விழக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விழத் தெரிந்தவளுக்கு வேறு என்ன வேலை? மாஸ்டர் அவளைக் கயிற்று வேலைக்குப் போட்டார். உயரத்திலிருந்து குதிக்கிறவர்களின் இடுப்பில் கயிறு கட்டி, கப்பியின் மறுமுனையைக் கீழே நின்று பிடித்து இறக்குகிற வேலை. அவள் முடிச்சுப் போட்டால் அவிழாது. தங்கையின் கை கோணலாகக் கூடியிருந்தது. நுண்ணிய தையல் போடமுடியாமல், அவளும் மெத்தைகளுக்கு உறை தைக்கிற இடத்துக்கு வந்தாள்.

சில வருஷங்களில் அந்தப் புது கேப்டன் பெரிய நட்சத்திரமாகிவிட்டான். மூக்கை வெட்டி ஒட்டியதில் முன்னைவிட எடுப்பாக இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. அடி கொடுத்தவளுக்குத்தான் அந்தப் பெருமை சேரவேண்டும் என்று சண்டைக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு மத்தியானம் பாதி கட்டிய கட்டடம் ஒன்றில் படப்பிடிப்பு. ஆறாவது மாடி விளிம்பிலிருந்து அவனே குதிப்பதாகப் பேச்சு. டூப் வேண்டாமாம், நிருபர்களைக் கூப்பிட்டிருந்தான். இடுப்பில் கயிறு மாட்டிக்கொண்டு விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தவன், மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தான். அவன் முகம் வெளிறியது கீழே வரைக்கும் தெரிந்தது.

ஒலிபெருக்கியில் மாஸ்டரைக் கூப்பிட்டான். “வேற ஆளு இல்லையா?”

“இருக்கிறதுலயே நல்ல கை அதுதான் சார். வேணாம்னா குதிக்காதீங்க.”

நிருபர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதித்தான்.

மூன்றாவது மாடி வரை சரியாக இறங்கியது. அங்கே கப்பி சிக்கி, ஒரு உதறலோடு விட்டுக்கொடுத்தது. கயிறு அவள் கையில் பாம்பு மாதிரி ஓடியது. கையுறை கிழிந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போனது. மணல் மூட்டைமேல் காலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். கயிறு சிவப்பாக வழிந்தது. மண்ணீரல் எடுத்த தையல் இருந்த இடம் தீயாக எரிந்தது. அவன் தரைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்று, காற்றில் ஆடினான். மாஸ்டரும் மற்றவர்களும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்த பிறகுதான் அவள் விரல்கள் திறந்தன.

அவன் தடுமாறி நடந்து வந்தான். என்ன நினைத்தானோ, கையை நீட்டினான். சுற்றிக் கேமராக்கள் சடசடத்தன.

பந்து தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். “கை கொடுக்கிற நெலைமையில இல்ல சார்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நடந்தாள்.

தங்கை கோணல் கையால் மருந்து தடவிக் கட்டுப்போட்டாள். முடிச்சுப் போடும்போது கேட்டேவிட்டாள். “விட்டிருக்கலாம்ல? கயிறு வழுக்கிடுச்சுன்னா யாரு என்ன சொல்லப்போறாங்க?”

“விடலாம்னுதான் நெனச்சேன்” என்றாள் பந்து. “கை கேக்கல.”

தங்கை கட்டின் முடிச்சை, வேண்டியதற்கு மேலேயே இறுக்கினாள். பந்து “ஆ” என்றாள். அப்புறம் இரண்டு பேரும் எழுந்து, அடுத்த ஷாட்டுக்கு மெத்தையை இழுத்துப் போடப் போனார்கள்.